சர்க்கரைக்கு நாட்டுச் சரக்கு: கடைக்காரர் தெரிந்துகொள்ள வேண்டியவை

"அண்ணாச்சி, சர்க்கரைக்கு என்ன இருக்கு?" என்று ஒரு காலத்தில் யாராவது கேட்டால், எத்தனை கிலோ வேண்டும் என்று சீனி மூட்டைப் பக்கம் திரும்புவோம். இன்று அப்படிக் கேட்பவர் சீனி வாங்க வந்தவர் அல்ல. உடம்பில் ஏறிவிட்ட சர்க்கரையை இறக்க வழி கேட்கிறார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய கணக்கெடுப்பு 2023-ல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று தெரிய வந்தது. நம் கடைக்கு வரும் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவர் இருந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

முன்பெல்லாம் இந்தச் சரக்குகள் நாட்டு மருந்துக் கடையோடு நின்றன. சென்னையில் ராசப்ப செட்டி தெருவுக்கும், மற்ற ஊர்களில் பஜாரில் இருக்கும் ஒன்றிரண்டு பழைய கடைகளுக்கும் தேடிப் போய்த்தான் வாங்குவார்கள். கடைக்காரருக்குச் சரக்கின் குணம் தெரியும். வாங்க வருபவர் கையில் வைத்தியர் எழுதிய சீட்டும் இருக்கும். இப்போது சிறுகுறிஞ்சான் பொடியும் நாவல் கொட்டைப் பொடியும் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்திலேயே தொங்குகின்றன. சீட்டு இல்லை. பக்கத்து வீட்டில் சொன்னார்கள், செல்போனில் வந்தது என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள். வைத்தியர் இருந்த இடத்தில் நம்மை நிறுத்திவிட்டார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

லாபம் நல்ல லாபம்தான், மறுப்பதற்கில்லை. பருப்பு, எண்ணெயில் கிடைக்காத விகிதம் இதில் கிடைக்கிறது. விற்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்தச் சரக்கு என்ன வேலை செய்யும், எது செய்யாது, எதைக் கடைக்குள்ளேயே விடக் கூடாது என்பதைப் பல்லாண்டுகளாகச் சரக்குப் பிடித்து அனுப்பிய அனுபவத்திலும், படித்துத் தெரிந்துகொண்ட அளவிலும் எழுதுகிறோம்.

வெந்தயத்திலிருந்து தொடங்கலாம். ராஜஸ்தான், குஜராத், மத்தியப் பிரதேசம் ஆகிய இடங்களிலிருந்து வரும் இந்தச் சரக்கு நமக்குப் புதிதல்ல. ஊற வைத்தால் வழவழவென்று பசை விடுகிறதே, அந்த நார்ச்சத்துதான் விஷயம். அது வயிற்றில் உணவோடு கலந்து, சர்க்கரை ரத்தத்தில் சட்டென்று ஏறாமல் தாமதப்படுத்துகிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இதைப் பற்றி ஆராய்ந்திருக்கிறது. ஆனால் அங்கே பேசப்பட்ட அளவு நாளொன்றுக்கு 25 கிராம் முதல் 100 கிராம் வரை. நம் வாடிக்கையாளர் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வது ஒரு டீஸ்பூன், அதாவது 4 கிராம் அளவு. 25 கிராம் என்றால் ஆறு டீஸ்பூன்; மாதத்துக்கு முக்கால் கிலோ. அவ்வளவு சாப்பிட்டால் பலருக்கு வயிறு உப்பும், பேதியாகும். ஆக, ஒரு டீஸ்பூன் வெந்தயம் கெடுதல் செய்யாது, பெரிய மாற்றத்தையும் செய்துவிடாது. இதை உள்ளபடி சொல்வதால் வெந்தய விற்பனை குறைந்துவிடப் போவதில்லை. சாம்பாருக்கும் இட்லி மாவுக்கும் போடுவதை யாரும் நிறுத்தமாட்டார்கள்.

சிறுகுறிஞ்சான் அப்படி அல்ல. இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றே ஒரு பெயர். வடக்கே குட்மார் என்பார்கள். அதற்கும் வெல்லத்தைக் கொல்வது என்றுதான் அர்த்தம். நல்ல இலை இரண்டை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் இனிப்பே தெரியாது, மணலை மெல்வது போல இருக்கும். சரக்குச் சரிதானா என்று பார்க்க இதைவிட நல்ல பரிசோதனை இல்லை. பார்வைக்கு இதே போன்ற வேறு கொடிகளின் இலையும் கலந்து வருவதுண்டு. மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்து மென்று பாருங்கள். நாக்கு மரத்துப்போகாவிட்டால் அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பத் தயங்க வேண்டாம். பொடியாக வாங்கினால் கலப்படத்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இலையாகவே வாங்குவது நல்லது.

சிறுகுறிஞ்சானைப் பற்றி நம் சென்னையிலேயே ஆய்வு நடந்திருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் துறையினர் 1990-ல் அதை வெளியிட்டார்கள். 22 நோயாளிகளுக்கு, அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையோடு சேர்த்து, இலையிலிருந்து எடுத்த சாரத்தை நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதம் வரை கொடுத்தார்கள். சர்க்கரை குறைந்தது; மாத்திரை அளவையும் குறைக்க முடிந்தது. ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. இந்த ஐந்து பேரை மட்டும் எடுத்துக்கொண்டுதான் இன்றுவரை விளம்பரம் செய்கிறார்கள். மிச்சம் 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டது என்பதை யாரும் சொல்வதில்லை. அந்த ஐந்து பேருக்கும் மாத்திரை நின்றது ஒன்றரை ஆண்டு மருத்துவர் கண்காணிப்பில், ரத்தப் பரிசோதனை செய்து பார்த்து. நம் கடையில் பொட்டலம் வாங்கிய மறுநாளே மாத்திரையைத் தூக்கி எறிபவர் நிலைமை வேறு.

ஆவாரம்பூவுக்கு வருவோம். ஆவாரை பூத்த ஊரில் சாவில்லை என்கிற பேச்சு நம் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தச் செடியின் பட்டை தோல் பதனிடும் தொழிலுக்குப் போனது போக, பூ நாட்டு மருந்துக்கு வந்தது. உலர்ந்த பூவில் மற்ற மஞ்சள் பூக்களைக் கலந்துவிடுவது சகஜம். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆவாரை வேறு, நிலாவரை வேறு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பயிராகி ஏற்றுமதியாகும் நிலாவரை இலை பேதி மருந்து. பெயரும் இலையும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால், புதுப் பையன்கள் டப்பாவை மாற்றி எடுத்துவிடுவார்கள். சர்க்கரை நோயுள்ள வயதானவருக்கு இரண்டு நாள் வயிற்றுப்போக்கு என்றால் அது சிறிய விஷயமல்ல. இரண்டு டப்பாவையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள்.

நாவல் கொட்டை ஆனி, ஆடியில் பழம் வரும்போது சேர்வது. சரியாகக் காயாத கொட்டையில் பூஞ்சை பிடிக்கும், நாள்பட்டால் வண்டு துளைக்கும். உடைத்துப் பார்த்து வாங்க வேண்டும். பாகற்காய் வற்றல், கறிவேப்பிலைப் பொடி, கருஞ்சீரகம் இவையெல்லாம் சமையலறைச் சரக்குகளே. அளவோடு சாப்பிட்டால் வம்பில்லை. சீந்தில் கொடி விஷயத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 2021-ல் மும்பையில் சீந்தில் சாப்பிட்டவர்கள் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதாக மருத்துவர்கள் எழுதினார்கள். அதே இனத்தைச் சேர்ந்த வேறொரு கொடியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று ஆயுஷ் அமைச்சகம் விளக்கம் சொன்னது. எப்படியானாலும் இலையையும் கொடியையும் அடையாளம் தெரிந்தவரிடம் மட்டுமே வாங்க வேண்டும் என்பது நமக்குக் கிடைக்கும் பாடம்.

பட்டையைப் பற்றியும் கேட்கிறார்கள். தினமும் பட்டைத் தூளைத் தண்ணீரில் கலந்து குடித்தால் சர்க்கரை இறங்கும் என்று ஒரு பேச்சு. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய மதிப்பாய்வு, இதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2012-ல் சொல்லிவிட்டது. அதோடு, பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். தினமும் ஸ்பூன் கணக்கில் உள்ளே போனால் கல்லீரலுக்கு ஆகாது. இலங்கையிலிருந்து வரும் மெல்லிய சுருள்பட்டையில் அது மிகக் குறைவு. அடுக்கடுக்காக, கையால் நொறுக்கும்படி இருப்பது சுருள்பட்டை. கேட்பவர் எதற்கு வாங்குகிறார் என்று தெரிந்தால் இந்த வித்தியாசத்தையாவது சொல்லலாம்.

வேங்கை மரக் குவளையை ஒரு ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்தால் தண்ணீர் நிறம் மாறும். பார்ப்பவருக்கு அதுவே பெரிய நம்பிக்கையைக் கொடுக்கிறது. வேங்கையில் சரக்கே இல்லை என்று சொல்ல முடியாது. மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக நோய் கண்டவர்கள் 97 பேரில் 67 பேருக்கு 12 வாரத்தில் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அங்கே கொடுத்தது அளந்து தயாரித்த சாரம். குவளைத் தண்ணீரில் என்ன அளவு இறங்கியது என்று குவளை செய்தவருக்கும் தெரியாது. மாதம் ஆறானால் குவளையும் வெறும் மரம்தான்.

இவ்வளவையும் எழுதுவதற்குக் காரணம், நல்ல மூலிகையின் லட்சணம் என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே. மழைக் காலத்து இலை வேறு, கோடை இலை வேறு. மலையில் பறித்தது வேறு, தோட்டத்தில் வளர்ந்தது வேறு. போன மூட்டையும் இந்த மூட்டையும் ஒரே மாதிரி இருந்ததே கிடையாது. மொத்த வியாபாரத்தில் இருப்பவர் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆக, மூலிகையின் வேலையும் மெதுவாக, ஏறுக்கு மாறாகத்தான் இருக்கும்.

காரன்டி கொடுக்கும் பொடி

சில மாதங்களுக்கு முன்பு மோட்டார் சைக்கிளில் ஒருவர் வந்தார். பையில் கால் கிலோப் பொட்டலங்கள். "ஒரே வாரம் அண்ணாச்சி, 300 இருந்தாலும் 150-க்கு வந்திடும். இல்லேன்னா பணம் வாபஸ்" என்றார். சில்லறைக்காரருக்குப் பாதிக்குப் பாதி லாபம். பொட்டலத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை. பில் கேட்டோம். "மூலிகைதானே, பில் எதுக்கு?" என்றார். என்னென்ன மூலிகை என்றோம். தாத்தா காலத்து ரகசியம் என்றார். அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தோம்.

வெந்தயத்துக்கும் சிறுகுறிஞ்சானுக்கும் எந்த வியாபாரியும் வாரக் கணக்கில் காரன்டி கொடுக்க முடியாது. அப்படிக் காரன்டி கொடுக்கக்கூடிய சரக்கு ஒன்று உண்டு: மாத்திரை. ஒரு வாரத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி இறக்கும் பொடி என்றால், அதில் மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவதற்குப் போதிய காரணம் இருக்கிறது. இது வெறும் ஊகம் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2000-ல், சர்க்கரைக்கென்று விற்ற ஐந்து சீன மூலிகை மருந்துகளில் கிளைபுரைடு, ஃபென்ஃபார்மின் என்ற மாத்திரை மருந்துகள் இருப்பது தெரிந்து மாநில அரசு எச்சரிக்கை விடுத்தது. கிளைபுரைடு என்பது நம் ஊரில் கிளிபென்கிளமைடு என்று எழுதிக் கொடுக்கும் அதே மருந்து. ஃபென்ஃபார்மின், ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகிறது என்று பல நாடுகளில் நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் 2003-ல் தடை செய்யப்பட்டது.

சிங்கப்பூரில் 2008-ல் நடந்தது இன்னும் மோசம். ஆண்மைக்கென்று விற்ற மூலிகை மாத்திரைகளிலும் போலி மாத்திரைகளிலும் கிளிபென்கிளமைடு கலந்திருந்தது. சர்க்கரை நோயே இல்லாத 150 பேர் சில மாதங்களுக்குள் சர்க்கரை அளவு படுவேகமாக இறங்கி மருத்துவமனைக்குப் போனார்கள். நால்வர் இறந்தார்கள்.

நம் வாடிக்கையாளர் ஏற்கெனவே டாக்டர் கொடுத்த மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அதற்கு மேல் இந்தப் பொடியும் சேர்ந்தால், தெரியாமல் இரட்டை மருந்து உள்ளே போகிறது. பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவும் மாறும். எழுபது வயதுக்காரர், சிறுநீரகம் கொஞ்சம் பழுது, ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை என்றால், விடியும்போது அவர் எழுந்திருக்காமலே போகக்கூடும். வீட்டார் ஆஸ்பத்திரியில் "வேறெதுவும் சாப்பிடலை, மூலிகைப் பொடி மட்டும்தான்" என்பார்கள். டாக்டருக்கும் உண்மை தெரிய வழியில்லை.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. பொடியில் ஒன்றுமே இல்லாமல் வெறும் இலைத்தூளாக இருந்து, அதை நம்பி மாத்திரையை நிறுத்தியவருக்குச் சர்க்கரை சத்தமில்லாமல் ஏறிக்கொண்டே போகும். வலி கிடையாது. கண்ணும் காலும் சிறுநீரகமும் போன பிறகுதான் தெரியும். சிறு வயதிலேயே வந்து இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைகள் விஷயத்தில் தாமதமே கூடாது. அவர்கள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. "ஊசி பார்க்கவே பாவமா இருக்கு, பொடி கொடுங்க" என்று ஒரு தாய் வந்து நின்றால், பொடி இல்லை என்று சொல்லிவிடுங்கள். விற்காமல் விட்ட அந்தப் பொட்டலத்தால் நம் கடை மூழ்கிவிடாது. மாத்திரை வாங்கக் காசில்லை என்பவருக்கு, அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரை இலவசமாகவே கொடுக்கிறார்கள் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

மூலிகை என்றால் பக்க விளைவு இல்லை என்று நம் கடைகளில் சரளமாகச் சொல்கிறோம். ஆங்கில மருந்து என்று ஒதுக்கிப் பேசும் மெட்ஃபார்மின் மாத்திரையின் பூர்வீகமே ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியைப் பழைய காலத்திலிருந்து வைத்தியத்துக்குப் பயன்படுத்தினார்கள். அதிலுள்ள பொருள் சர்க்கரையை இறக்கும் என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அதே செடியை மேய்ந்த ஆடுமாடுகள் செத்தும் போயிருக்கின்றன. அந்தப் பொருளின் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மினை 1922-ல் ரசாயன முறையில் செய்தார்கள். 1957-ல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவை வெளியிட்டார். குணம் இருக்கும் இடத்தில் தோஷமும் இருக்கும். அளவு தெரிந்தவர் கையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருப்பட்டியையும் நாட்டுச் சர்க்கரையையும் தேனையும் "சர்க்கரைக்காரர் தாராளமாகச் சாப்பிடலாம்" என்று சொல்லி விற்பதும் நிற்க வேண்டும். ருசியும் மணமும் வேறு என்றாலும், ரத்தத்தில் ஏறுவதில் அவையெல்லாம் சீனிக்கு அண்ணன் தம்பிதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மந்திர நிவாரணங்கள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் 54 நோய்கள். ஒன்பதாவது சர்க்கரை நோய். இந்த நோயைத் தீர்க்கும், தடுக்கும், குறைக்கும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது. விளம்பரம் என்றால் பேப்பரில் போடுவது மட்டும் என்று நினைக்க வேண்டாம். லேபிள், மேலுறை, நோட்டீஸ், வாயால் அறிவிப்பது எல்லாமே அதில் அடக்கம். கடை வாசலில் "சர்க்கரை நோய்க்குக் கைகண்ட மருந்து" என்று அட்டை எழுதி மாட்டினால் அதுவும் விளம்பரம்தான். ஆட்டோவில் மைக் கட்டிக் கத்துவதும் விளம்பரம்தான். 2024-ல் இது போன்ற விளம்பர விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகு, பெரிய கம்பெனி ஒன்றே பத்திரிகைகளில் மன்னிப்புக் கேட்டு விளம்பரம் போட வேண்டியதாயிற்று. நமக்கு வக்கீல் வைக்கவும் வசதி கிடையாது.

லைசென்ஸ் விஷயத்தில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. லைசென்ஸ் பெற்ற கம்பெனி தயாரித்த சித்த, ஆயுர்வேத மருந்தை விற்பதற்குத் தனியாக மருந்து விற்பனை லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தயாரிப்பதற்கு லைசென்ஸ் கட்டாயம். நாலு சரக்கை நாமே மெஷினில் அரைத்துக் கலந்து, சர்க்கரைச் சூரணம் என்று பெயர் போட்டுப் பாக்கெட் கட்டினால் நாம் மருந்து தயாரிப்பாளர் ஆகிவிடுகிறோம். வைத்தியர் தம் நோயாளிக்குத் தாமே செய்து கொடுப்பதற்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. அந்த விலக்கு மளிகைக் கடைக்குப் பொருந்தாது. கம்பெனி பாக்கெட்டில் சித்த மருந்து அல்லது ஆயுர்வேத மருந்து என்ற வாசகம், தயாரிப்பு லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி, சேர்ந்துள்ள சரக்குகள், முழு முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மாத்திரை, கேப்சூல் வடிவில் உணவுச் சப்ளிமென்ட் என்ற பெயரில் வருபவை உணவுப் பாதுகாப்புத் துறையின் கீழ் வருகின்றன. அவற்றில் 14 இலக்க எண்ணும், மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல என்ற வாசகமும் இருக்க வேண்டும். ஒரு பக்கம் அப்படி எழுதிவிட்டு, மறுபக்கம் சர்க்கரை தீரும் என்று எழுதியிருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தொடாதீர்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. தயாரித்தவர் அல்லது நமக்குக் கொடுத்தவர் யார் என்று காட்ட முடியாத உணவுப் பொருளுக்கு விற்றவரே பொறுப்பு என்றும் அதே சட்டம் சொல்கிறது. எனவே பில் இல்லாத சரக்கு எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம். மொத்த வியாபாரி கொடுக்கும் பில்லில் அவருடைய உணவுத் துறை எண்ணும், சரக்கின் தரத்துக்கான உறுதிமொழியும் இருக்கட்டும். அதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் வியாபாரியிடம் வேறு காரணத்துக்காகவும் சரக்கு எடுக்க வேண்டாம்.

கல்லாவில் நிற்கும்போது

ஆவாரம்பூவோ சிறுகுறிஞ்சானோ கேட்பவருக்கு எடை போட்டுக் கொடுங்கள். கூடவே, "மாத்திரையை நிறுத்தாதீங்க, இதையும் சாப்பிடுறேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை இருக்கிறது. பொடி வேலை செய்ததா என்பதை அந்தச் சீட்டுத்தான் சொல்ல வேண்டும், நாமோ பக்கத்து வீட்டுக்காரரோ அல்ல.

கடையில் நிற்கும்போதே ஒருவருக்குத் திடீரென்று வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று சந்தேகப்பட வேண்டும். நினைவோடு இருந்தால் மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளிவு வராவிட்டால் மறுபடியும் கொடுக்கலாம். அவர் சிறுகுறிஞ்சான் மென்றவராக இருந்தால் "இனிக்கவே இல்லையே" என்பார். நாக்குக்குத் தெரியாவிட்டாலும் வயிற்றில் சேரும், குடிக்கச் சொல்லுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-க்குப் போன் செய்யுங்கள். அவர் சாப்பிட்டு வந்த பொடிப் பொட்டலம் பையில் இருந்தால், மாத்திரைச் சீட்டோடு சேர்த்து அதையும் ஆம்புலன்ஸில் கொடுத்து அனுப்புங்கள்.